அளவு ஜாக்கெட்

நாகரசம்பட்டி
10.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுவாதி எழுதுவது. இங்கே நான், அப்பா, போன வாரம் குட்டி போட்ட வெள்ளாடு எல்லோரும் சுகம். நீயும் மாமாவும் சுகமா? உன் போன் ஏன் எப்போதும் அணைந்தே கிடக்கிறது? மாமா எண்ணுக்கு அடித்தால், "அவ குளிச்சிக்கிட்டு இருக்கா" என்கிறார். ஒரு மாதமாகவா அக்கா குளிக்கிறாய்? அதனால்தான் இந்தக் காலத்தில் போய்ப் பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்திருக்கிறேன். நம் தெரு மாதேஸ்வரி தினமும் கம்பெனி பஸ்ஸில் ஓசூர் வருகிறாள் அல்லவா, அவள் இதை மாமாவின் கம்பெனி கேட்டில் கொடுத்துவிடுவாள்.

எனக்கும் உன் கொழுந்தன் கோபிக்கும் வைகாசியில் கல்யாணம் என்று உறுதியானதிலிருந்து அப்பாவுக்குத் தூக்கமில்லை. மேடை அலங்காரத்துக்கு ஆகும் செலவைக் கேட்டுவிட்டு வந்து ஆட்டை விற்கலாமா என்று கணக்குப் போட்டார். கடைசியில் நான்தான், மேடையையே நான் கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். பின்திரைக்கு வீட்டிலிருக்கும் பழைய சேலைகளைக் கொசுவி அடிக்கப் போகிறேன். முட்டை அட்டையை நறுக்கிச் சாயம் தோய்த்தால் ரோஜா மாதிரியே வருகிறது, நாற்பது செய்துவிட்டேன். அம்மாவின் கிழிந்த பட்டுச்சேலை இருந்ததே, அதன் கரையை வெட்டித் தாம்பூலப் பை தைக்கிறேன். அம்மா இருந்திருந்தால் என் கையை உடைத்திருப்பாள்.

உன் வீட்டுக் கதவில் தொங்கும் வாஷர் தோரணத்தைக் கோபி போனில் பார்த்தேன். எப்படிச் செய்தாய்? எழுது. உனக்கும் கல்யாண ஜாக்கெட் நான்தான் தைப்பேன். அளவு ஜாக்கெட் ஒன்று மறக்காமல் கொடுத்தனுப்பு.

இந்தச் சம்பந்தமே நீ ஆடிக்கு வந்தபோது அப்பாவிடம் எடுத்துச் சொன்னதால் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு கோபியும் உங்களோடு குடிவந்துவிடுவாராமே, ஒரே வீட்டில் இருந்துகொண்டு உன்னோடு சண்டை போடக் காத்திருக்கிறேன்.

உன் அன்புத் தொல்லை,
சுவாதி


ஓசூர்
25.11.2024

அன்புத் தங்கை சுவாதிக்கு,

அக்கா பொற்கொடி எழுதிக்கொள்வது. கடவுள் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம். அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உன் கடிதத்தை மாமா எனக்குப் படித்துக் காட்டினார். குளியல் பற்றி எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தார். என் போன் பழுதாகிவிட்டது. ஒரு வீட்டுக்கு ஒரு போன் போதும்தானே.

தோரணத்துக்குப் பழைய இரும்புக் கடையில் வாஷர் வாங்கு. பெரியதாகப் பார்த்து வாங்கு. சின்னது பார்வைக்கு அழகு, ஆனால் சத்தம் போதாது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துருவைத் தேய்த்துவிட்டுப் பெயிண்ட் அடி. வயரிங் வேலை நடந்த வீடுகளில் வெட்டிப் போட்ட கலர் வயர் கிடக்கும், அதில் ஐந்தைந்தாகக் கோத்துக் கொள். கதவின் உள்பக்கம், மேல் ஓரத்தில் அடிக்க வேண்டும். கதவு ஒரு சாண் திறப்பதற்குள் சத்தம் வந்துவிட வேண்டும். அடுப்படியில் குக்கர் கூவும்போதும் கேட்க வேண்டும். நான் மூன்று தடவை அவிழ்த்துக் கட்டிய பிறகுதான் சரியாக வந்தது.

அளவு ஜாக்கெட் எதற்கு? பழைய அளவு உன்னிடம் இருக்கிறது. நான் அப்படியேதான் இருக்கிறேன்.

அப்பாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
பொற்கொடி அசோக்குமார்


நாகரசம்பட்டி
15.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது, மறுபடியும் கடவுள் புண்ணியம் என்று எழுதுவாய். அது கடிதமா அக்கா, பள்ளிக்கூடத்துக்குப் போடும் லீவு லெட்டர் மாதிரி இருந்தது. என்னிடம் போய்க் கையெழுத்தில் மாமா பெயரையும் சேர்த்துப் போட்டிருக்கிறாய்.

தோரணம் கட்டிவிட்டேன். ஆனால் வெளிப்பக்கம்தான் கட்டினேன். உள்ளே கட்டினால் யார் பார்ப்பார்கள்? காற்றடித்தால் கலகலவென்று ஒரே சத்தம். யாரோ வருகிறார்கள் என்று அப்பா நாளுக்குப் பத்துத் தடவை எழுந்து பார்க்கிறார். உனக்கு எதற்கு இவ்வளவு சத்தம், அதுவும் அடுப்படிவரை?

போன ஞாயிறு கோபி வந்தார். முட்டை அட்டை ரோஜாவைப் பார்த்துவிட்டு, நிஜப்பூ என்று முகர்ந்தார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. போகும்போது என் போனை வாங்கி யார் யாரோடு பேசியிருக்கிறேன் என்று பார்த்தார். எனக்கு ஒரு மாதிரி இருந்தாலும் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டேன். கட்டிக்கொள்ளப் போகிறவர்தானே.

உன் பழைய அளவில் தைக்கமாட்டேன். அளவு ஜாக்கெட் இல்லாமல் நான் யாருக்கும் கத்தரி வைப்பதில்லை, உனக்கே தெரியும். பொங்கலுக்கு வரும்போது எடுத்து வா.

சண்டைக்குத் தயாராக,
சுவாதி


நாகரசம்பட்டி
19.01.2025

அக்கா,

நாங்கள் சுகம். பொங்கலுக்கு நீ வரவில்லை. பதிலும் இல்லை. மாமாவுக்குப் போன் செய்தால் உனக்குத் தலைவலி என்கிறார். மூன்று தடவை கூப்பிட்டேன், மூன்று தடவையும் தலைவலி. பின்னால் பாத்திரம் விழுந்தது கேட்டது. அது நீதான் என்று நினைத்துக் கொண்டேன்.

அப்பா உன் பங்குப் பொங்கலை எடுத்து வைத்திருந்து மறுநாள்தான் மாட்டுக்கு வைத்தார். நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? ஒரு வரி போதும் அக்கா.

சுவாதி


ஓசூர்
06.02.2025

அன்புத் தங்கை சுவாதிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நாங்கள் சுகம். அப்பா சுகம் என்று நம்புகிறேன்.

குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன். வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தது, போன வாரம்தான் அவிழ்த்தார்கள். அதனால்தான் பதில் எழுதவில்லை. எழுத்துக் கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். மாமாதான் இத்தனை நாளும் சமைத்துப் போட்டார்.

சும்மா உட்கார்ந்திருந்தபோது பழைய துணியைக் கிழித்துக் கால்மிதி பின்னக் கற்றுக்கொண்டேன். இடது கையாலேயே வருகிறது. உனக்கும் ஒன்று வைத்திருக்கிறேன்.

அளவு ஜாக்கெட் கேட்டிருந்தாய். மாமாவிடம் சொல்லி அனுமதி வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். கல்யாண ஜாக்கெட்டுக்குக் கை மணிக்கட்டுவரை இருக்கட்டும். வைகாசி வெயிலுக்கு அது எதற்கு என்று கேட்காதே, இப்போது அதுதான் பேஷன். அளவெடுக்கும்போது உள்பக்கம் திருப்பிப் போட்டு எடு. நீ எப்போதும் அப்படித்தானே எடுப்பாய். அவசரப்படாமல் பார்த்து எடு.

இப்படிக்கு,
பொற்கொடி அசோக்குமார்


நாகரசம்பட்டி
16.02.2025

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

சுவாதி வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் எல்லோரும் சுகம். அக்காவை நன்றாகப் பார்த்துக் கொண்டதற்கு மாமாவுக்கு அப்பா நன்றி சொல்லச் சொன்னார்.

கல்யாண வேலை மளமளவென்று நடக்கிறது. தாம்பூலப் பை நூற்று இருபது ஆகிவிட்டது. ஆரத்தித் தட்டுக்கு அரிசியில் சாயம் ஏற்றிக் காயவைத்திருக்கிறேன். அக்காவின் ஜாக்கெட்டை முதல் வேலையாகத் தைத்து முடித்து அனுப்பியிருக்கிறேன். கை மணிக்கட்டுவரை வைத்திருக்கிறேன், உள்ளே வெள்ளைக் காடாத் துணியில் லைனிங்கும் கொடுத்திருக்கிறேன். அளவு சரியா என்று அக்கா நிதானமாகப் போட்டுப் பார்க்கட்டும். பிடித்தம் எங்கே இருக்கிறது என்று தெரிய, உள்பக்கமும் திருப்பிப் பார்க்கட்டும்.

அன்புடன்,
சுவாதி


(லைனிங் துணியின் உள்பக்கம், நீல மைப்பேனாவில்)

அக்கா,

காகிதம் என்றால் சரசரக்கும் என்று துணியிலேயே எழுதித் தைக்கிறேன். படித்ததும் நனைத்துவிடு, மை போய்விடும்.

நீ சொன்னபடி உள்பக்கம் திருப்பினேன். பக்கத் தையலில் மூன்று வரி பிடித்துத் தைத்திருக்கிறாய். முப்பத்தாறு அங்குலத்தில் இருந்தவள் முப்பத்தொன்றுக்கு வந்திருக்கிறாய். முழங்கையோடு நிற்க வேண்டிய கையை உள்பாவாடைத் துணி வைத்து மணிக்கட்டுவரை நீட்டியிருக்கிறாய். வலது தோளில் கறுப்பு நூல், அதன் மேல் வெள்ளை நூல், அதன் மேல் பச்சை நூல். ஒரே இடத்தில் மூன்று தடவை. பழசாகிக் கிழிந்த துணி நைந்திருக்கும் அக்கா. இது நையவில்லை. பிடித்து இழுத்துக் கிழித்தது. எட்டு வருடமாகத் தைக்கிறேன், எனக்கு இதுகூடத் தெரியாதா? கழுத்துப் பட்டியில் துவைத்தும் போகாத ஒரு கறை இருக்கிறது. அதை நான் தொடவில்லை.

நீ குளியலறையில் விழவில்லை. அந்தத் தோரணம் எதற்கு என்று இப்போது தெரிகிறது. நான் அதை வாசலில் கட்டி எல்லோருக்கும் காட்டினேன்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் உடனே கிளம்பி வந்து சத்தம் போடுவார், போட்டுவிட்டுத் திரும்பிவிடுவார், அதற்குப் பிறகு நீ அந்த வீட்டில் தனியாக இருப்பாய். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும் என்று எனக்குச் சொல்லு.

சுவாதி


ஓசூர்
09.03.2025

கொழுந்தியாள் சுவாதிக்கு,

மாமா அசோக்குமார் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். மாமனார் நலமா? பொற்கொடிக்குக் கொஞ்சம் வேலை இருப்பதால் இந்த முறை நானே எழுதுகிறேன்.

ஜாக்கெட் அளவாக இருக்கிறது. கேட்டில் வாங்கிய கையோடு வீட்டில் கொடுத்துவிட்டு இரண்டாம் ஷிஃப்டுக்குப் போய்விட்டேன். வந்து பார்த்தால் துவைத்துக் காயப் போட்டிருக்கிறாள். புதுத் துணியைப் போட்டுப் பார்க்குமுன் யாராவது துவைப்பார்களா? கேட்டால் கஞ்சி வாடை என்கிறாள். நீ உள்பக்கம் திருப்பிப் பார்க்கச் சொல்லியிருந்தாய் என்று நானும் திருப்பிப் பார்த்தேன். வெள்ளை லைனிங் முழுக்க நீலமாகச் சாயம் ஏறியிருக்கிறது. ஜாக்கெட் சிவப்பு. நீலம் எங்கிருந்து வந்தது என்று இரண்டு வாரமாக யோசித்துக் கொண்டிருக்கிறேன். நீ தையல்காரி, உனக்குத் தெரிந்திருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

அந்த வாஷர் தோரணத்தைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டேன். என் வீட்டுக்குள் நான் வருவதற்குச் சத்தம் எதற்கு?

கல்யாணத்தை வைகாசிவரை இழுக்க வேண்டாம் என்று கோபியும் நானும் பேசியிருக்கிறோம். சித்திரை முதல் முகூர்த்தமே நல்ல நாள். மாமனாரிடம் சொல்லிவிடு. நீ செய்துவைத்த பூவெல்லாம் காகிதம்தானே, வாடிவிடாது.

இப்படிக்கு,
சி. அசோக்குமார், ஷிஃப்ட் இன்சார்ஜ்


ஓசூர்
14.03.2025

சுவாதி,

மாமா படித்துப் பார்க்காமல் நான் அனுப்பும் முதல் கடிதம் இது. பக்கத்துப் போர்ஷன் ரேவதி, மாதேஸ்வரி வரும் கம்பெனி பஸ்ஸில்தான் ஓசூரில் ஏறுகிறாள். துணி காயப் போடும்போது சுவருக்கு மேலே இதை அவளிடம் கொடுக்கப் போகிறேன். அவள் வீட்டுக்காரர் உன் மாமாவுக்குக் கீழே வேலை பார்க்கிறவர். கேட்கவே எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் தன் கன்னடத்தில், "பயப்படபேடி அக்கா, எல்லா கேள்சுத்தே" என்றாள். பயப்பட வேண்டாமாம், எல்லாம் கேட்கிறதாம். இந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் காது இருப்பது எனக்குத்தான் தெரியாமல் போயிருக்கிறது.

லைனிங் தையலைப் பிரித்து, நீ துணியில் எழுதியதை அடுப்படியில் நின்று படித்தேன். எதையும் தப்பாகக் கணிக்கவில்லை. மணிக்கட்டு, பொங்கலுக்கு ஊருக்குப் போகட்டுமா என்று கேட்டதற்கு. கதவைப் பிடித்துக் கொண்டிருந்தேன், சாத்திவிட்டார். இப்போது ஜாக்கெட் நீலத்துக்கு நான் என்ன பதில் சொன்னாலும் அவர் சிரிக்கிறார். அடிக்கவில்லை. இரண்டு வாரமாக ஒரு அடிகூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இனி எழுதப் போவதை உன் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது. ஆடிக்கு வந்தபோது கோபியைப் பற்றி அப்பாவிடம் நல்லவிதமாகச் சொன்னேன். நல்லவர் என்று தெரிந்து சொல்லவில்லை. நீ இந்த வீட்டுக்கு வந்தால் எனக்குத் துணையாக இருக்கும் என்று சொன்னேன். நீ பக்கத்தில் இருந்தால் அவர் கையை ஓங்கமாட்டார் என்று நினைத்தேன். என் பயத்துக்கு உன்னைக் கதவாக நிறுத்தப் பார்த்தேன், சுவாதி. உன் முட்டை அட்டை ரோஜாக் கணக்கை அவர் உரக்கப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கோபி உன் போனை வாங்கினார் என்று எழுதினாய். உன் மாமாவும் என்னிடம் முதலில் சிரித்துக்கொண்டுதான் வாங்கினார். அன்றைக்குத்தான் அந்த ஜாக்கெட்டை உனக்கு அனுப்பிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். வாயால் சொல்லும் தைரியம் வரவில்லை.

கல்யாணத்தை நிறுத்து. காரணம் கேட்டால் என்னைச் சொல்லு. எனக்காக ஒன்றும் செய்ய வேண்டாம்.

அக்கா


நாகரசம்பட்டி
17.03.2025

அக்கா,

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். கடிதத்தைப் படித்துவிட்டு நாற்பது ரோஜாவையும் அடுப்பில் போட்டேன். பிறகு அழுதேன். நீ எத்தனை நாள் அந்த அடுப்படியில் நின்று கதவையே பார்த்துக் கொண்டிருந்திருப்பாய் என்று நினைத்து அழுதேன். கோபத்தை நீ இங்கே வந்த பிறகு ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டுத் தீர்த்துக் கொள்கிறேன். அதற்காகவாவது நீ வர வேண்டும்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவருக்குக் கடிதத்தைப் படித்துக் காட்டவில்லை, அளவு ஜாக்கெட்டைக் கையில் கொடுத்தேன். உள்பக்கம் திருப்பி அந்தத் தோள் தையலை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். நான் பயந்தபடி சத்தம் போடவில்லை. "நாந்தானே கட்டிக் குடுத்தேன்" என்றார். பிறகு, "சத்தங்காட்டாம போயிப் புள்ளையக் கூட்டியாந்துருவோம், மத்ததெல்லாம் அப்பறம் பேசிக்கலாம்" என்றார்.

கல்யாணம் நின்றுவிட்டது என்று இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. நீ அந்த வீட்டைவிட்டு வெளியே வந்த பிறகுதான் சொல்லப் போகிறோம். அதுவரை சித்திரை முகூர்த்தத்துக்குச் சரி என்று மாமாவுக்கு அப்பா போனில் சொல்லிவிட்டார். சொல்லும்போது அவர் குரல் நடுங்கியது, மாமா கவனித்தாரோ என்னவோ தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வேன் எடுத்துக்கொண்டு வருகிறோம். மாமாவுக்கு அன்றைக்கு முதல் ஷிஃப்ட் என்று மாதேஸ்வரி சொன்னாள். நான் கதவைத் தட்டி, அக்கா என்று கூப்பிடுவேன். மாற்றுத்துணிகூட எடுக்க வேண்டாம், நான் தைத்துத் தருகிறேன்.

பத்திரமாக இரு.

சுவாதி


ஓசூர்
18.03.2025

சுவாதி,

வியாழன் வேண்டாம். அன்றைக்கு அவர் லீவு போட்டிருக்கிறார், எதற்கென்று சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அதே பத்து மணிக்கு வாருங்கள், அவர் ஷிஃப்டில் இருப்பார். வேனைத் தெருமுனையிலேயே நிறுத்திவிடுங்கள்.

நீ கூப்பிட்டால் நான் கதவைத் திறக்கமாட்டேன். யார் கூப்பிட்டாலும் திறக்கக் கூடாது என்பது இந்த வீட்டுச் சட்டம். திறக்கிறேனா என்று பார்க்கக் கோபியை வெளியே நிற்கவைத்து இரண்டு தடவை கூப்பிடச் சொன்னார். ஒரு தடவை, நம் அப்பா விழுந்துவிட்டார் என்று கோபி அழுதுகொண்டே கூப்பிட்டார். திறந்துவிட்டேன். பச்சை நூல் அன்றைக்குப் போட்டதுதான். அதற்குப் பிறகு எனக்கு எந்தக் குரலிலும் நம்பிக்கை இல்லை, உன் குரலானாலும் சரி.

நம் வீட்டு வாசலில் கட்டியிருக்கிறாயே, அந்தத் தோரணத்தை அவிழ்த்து எடுத்து வா. கதவுக்கு வெளியே நின்று அதை ஆட்டு. வேறு யாரிடமும் அது இல்லை. இரண்டு வருடமாக அந்தச் சத்தம் கேட்டால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கேட்டால் கதவைத் திறக்கிறேன்.

அளவு ஜாக்கெட்டைக் கொண்டுவராதே. அந்த அளவில் எனக்கு இனிமேல் எதுவும் தைக்க வேண்டாம்.

அக்கா